மீன் தொடாத ஆண்டு

செபஸ்ரியனுக்கு அந்த ஆண்டு, உருகிய பாற்கட்டியின் நாற்றத்தோடு தொடங்கியது. சுவிஸின் துன் நகரில், ஏரியைப் பார்த்தபடி நின்ற ஒரு ஹோட்டலில் அவன் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். தை மாதக் குளிருக்கு ஆட்கள் உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்து, ஒரே சட்டியில் பாண் துண்டுகளைத் தோய்த்துத் தோய்த்துத் தின்றார்கள். அந்தச் சட்டிகள் அவனிடம் வரும்போது அடியில் மஞ்சள் தோல் இறுகிக் கிடக்கும். சிலவற்றில் சிகரெட்டை அணைத்திருப்பார்கள். அப்படியொன்றைச் சுரண்டிக்கொண்டு நின்ற மத்தியானத்தில்தான் தொலைபேசி வந்திருப்பதாகக் கூப்பிட்டார்கள்.

கொழும்பிலிருந்து ஒன்றுவிட்ட அக்கா. தம்பி சிறில் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. கடற்பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. படகின் பலகையொன்று மட்டும் கரையொதுங்கியது. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

செபஸ்ரியன் திரும்பி வந்து மிச்சச் சட்டியையும் சுரண்டினான். வேறென்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

அவன் மன்னாரில் பேசாலைக் கடற்கரையில் பிறந்தவன். அகதியாக இந்த நாட்டுக்கு வரும்வரை தகப்பனோடும் தம்பியோடும் வலை இழுத்தவன். அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கடலில் போனவனின் உடல் கிடைக்காவிட்டால் வீட்டார் மீன் தொடமாட்டார்கள். உடல் கிடைத்து மண்ணில் வைக்கவேண்டும், அல்லது ஓராண்டு கழியவேண்டும். அதுவரை மீன்சட்டி கவிழ்ந்தே கிடக்கும். ஏன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தின்ற மீன் எதைத் தின்றதோ என்ற நினைப்பை யார் வாயால் சொல்வது?

தவக்காலம் வந்தது. வெள்ளிக்கிழமைகளில் கத்தோலிக்கன் இறைச்சி தின்னக்கூடாது. இவனுக்கோ மீனும் இல்லை. அறைத்தோழன் சிவநேசனுக்கு அது பெரிய பகிடி.

"செபஸ்ரி அண்ணை, பேசாமல் எங்கட பக்கம் வந்திடுங்கோ. வெள்ளிக்கிழமையில எங்களைவிட நீங்கள்தான் சுத்த சைவம்."

"உன்ர கடவுளுக்கு இருக்கிற ஆக்கள் காணும். நீ கிழங்கை இறக்கு."

சித்திரையில் ஸ்பார்கல் என்றொரு வெள்ளைத் தண்டு வந்தது. அதற்கு மேல் மஞ்சள் குழம்பை ஊற்றி, பண்டிகை போலக் கொண்டாடித் தின்றார்கள். தண்ணீரில் நெடுநேரம் ஊறிய விரல்களைப் போல அவை மிச்சத் தட்டுகளில் கிடந்தன. செபஸ்ரியன் கண்ணை மூடிக்கொண்டு வாளிக்குள் தள்ளினான்.

கோடையில்தான் அந்தப் பிழை நடந்தது. மீன் வெட்டுகிறவன் வராத ஒரு நாள், குவிந்து கிடந்த ஏரி மீன்களில் ஒன்றை எடுத்து, வழியைவிட்டு ஒதுக்குவதற்கு முன் தன்னையறியாமல் செவுளுக்குள் விரலைக் கொடுத்து ஒரு இழுவை இழுத்துவிட்டான். குடல் சுத்தமாகக் கழன்று வந்தது. சமையலறைத் தலைவர் பார்த்துவிட்டார். தோளில் தட்டி, எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். அடுத்த நாளிலிருந்து மீன்மேசை அவனுக்கு. மாட்டேன் என்று சொல்ல முடியாது. வேலை அனுமதி புதுப்பிப்பதற்கு அந்த மனிதரின் கையெழுத்து வேண்டும்.

அந்தக் கோடை முழுவதும் அவன் வயிறுகளைக் கீறினான். ஒவ்வொரு வயிற்றுக்குள்ளும் பார்த்தான். பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தான். ஒரு பெரிய மீனின் குடலுக்குள் சின்ன மீனொன்று, கண்ணும் செதிலும் கலையாமல் முழுசாகக் கிடந்தது. செபஸ்ரியன் பின்கதவைத் திறந்துகொண்டு ஓடி, குப்பைப் பெட்டியைப் பிடித்தபடி வாந்தியெடுத்தான். முன்பக்கத்தில் குடைகளின் கீழே வெள்ளைத் துணி விரித்த மேசைகள். ஆட்கள் எலுமிச்சம்பழம் பிழிந்து, வெண்ணெயில் பொரித்த துண்டுகளைத் தின்று, விரலையும் நக்கிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணை, துன் ஏரியில கிடக்கிற மீன் மன்னாருக்குப் போயிட்டு வந்ததோ? அதுக்கு விசா ஆர் குடுத்தது?" என்று அன்றிரவு அறையில் சிவநேசன் கேட்டான். சிரிக்கவைக்கத்தான் கேட்டான். செபஸ்ரியன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு திரும்பிப் படுத்தான்.

இலையுதிர்காலத்தில் மான் இறைச்சி வந்தது. தோலுரித்த மான்கள் கொக்கியில் தொங்கின. அந்த இரத்தம் அவனை ஒன்றும் செய்யவில்லை. மீனில்லாத எதுவும் அவனுக்கு ஆறுதலாக இருந்தது. பாணும் கிழங்கும் தின்று அவன் உடம்பு ஊதிவிட்டது. துக்கம் காக்கிறவனுக்குக் கன்னம் கொழுப்பதா? கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கவே அவனுக்கு அருவருத்தது.

ஆண்டு நிறைவு ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. துன் கோயிலில் பாதிரியார் சிறிலின் பெயரை வாசித்துப் பூசை வைத்தார். அறைக்குத் திரும்பியபோது, கதவு திறக்கும் முன்பே செபஸ்ரியனுக்கு மணத்தது. மீன்கறி. பேர்னில் ஒரு கடையில் உறைந்த பாரை வாங்கி, புளி விட்டு, சிவநேசன் விடியவே எழும்பிக் காய்ச்சியிருந்தான்.

"ஆண்டு முடிஞ்சுதுதானே அண்ணை. இனி நீங்கள் சாப்பிடவேணும். தம்பிக்கும் இதுதானே விருப்பம்?"

அவன் அன்பாகத்தான் செய்தான். அதனால் செபஸ்ரியனால் அவனை ஏசவும் முடியவில்லை. மெழுகுதிரி ஏற்றி வைத்திருந்த சிறிலின் படத்துக்குக் கீழே உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்தபடியே இருந்தான். எதிரே அலோசியஸ் என்ற இளைஞன் இருந்தான். ஊரிலிருந்து வந்து நொஷாட்டல் அகதி முகாமில் இருப்பவன். சிவநேசனுக்குப் பழக்கம் என்று அன்றைக்கு விருந்துக்கு வந்திருந்தான். நாலு நாள் பட்டினி கிடந்தவன்போல அவன் கறியை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டான். எண்ணெய் நாடிவரை வழிந்தது. முள்ளை உறிஞ்சிக்கொண்டே நிமிர்ந்து படத்தைப் பார்த்தவன், முள்ளைத் தட்டில் வைத்தான்.

"உவரை எனக்குத் தெரியும்."

"எப்பிடி?" என்றான் சிவநேசன்.

"உவரைத்தான் நாங்கள் மண்ணுக்குள்ள தாட்டனாங்கள்."

வாய்க்குள் மீன் இருந்தது. அதை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு அவன் சொன்னான். "போன தையில இந்தியாவுக்குப் போகேக்க, படகோட்டி எங்களைக் கடலுக்கு நடுவில ஒரு மணல்திட்டில இறக்கிவிட்டவன். அங்க கிடந்தவர். உந்தப் பல்லு இடைவெளி, உந்தச் சங்கிலி, அந்தோனியார் படம்... அவரேதான். நெஞ்சில ஒரு சூட்டுக் காயம். நண்டுகூடத் தொடேல்ல, அப்பிடியே முழுசாக் கிடந்தவர். கையாலதான் கிண்டித் தாட்டனாங்கள். பேர் தெரியாது, ஆரிட்டச் சொல்லுறது?"

சொல்லிவிட்டு விழுங்கினான். விரல் தன்பாட்டில் அடுத்த துண்டைத் தேடிப் போனது.

சிவநேசன்தான் முதலில் பேசினான். "அப்ப கடல் கொண்டுபோகேல்ல அண்ணை! மண்ணுக்குள்ளதான் இருக்கிறான். நீங்கள் ஒரு வருசமாச் சும்மா கிடந்து..." என்றபடி பெரிய துண்டொன்றை எடுத்துச் செபஸ்ரியனின் சோற்றில் வைத்தான்.

செபஸ்ரியன் அந்தத் துண்டைப் பார்த்தான். மீன் எதுவும் செய்யவில்லை. கோடை முழுக்க அவன் கீறிப் பார்த்த வயிறுகளில் ஒன்றுகூடக் குற்றம் செய்யவில்லை. சுட்டது மனிதன். அவனும் அன்றைக்கு வீட்டுக்குப் போய்க் கைகழுவிச் சோறு தின்றிருப்பான். ஒரு வருடம் மீனிடம் இருந்த குமட்டல் எழுந்து, இந்த மேசையையும், மென்று மினுங்கும் வாய்களையும், தன் கொழுத்த கைகளையும் சுற்றி வந்து நின்றது.

அவன் எட்டி அலோசியஸின் தட்டைத் தன் பக்கம் இழுத்தான்.

"எழும்பு. வாயைக் கொப்பளிச்சுக் கையைக் கழுவிப்போட்டு வா."

"அவன் சாப்பிட்டு முடிக்கட்டும் அண்ணை. பசிக்கு வந்த பொடியன்," என்றான் சிவநேசன்.

"பிறகு திண்டு கிழிக்கட்டும். வாய்க்குள்ள மீனை வைச்சுக்கொண்டு என்ர தம்பியைப் பற்றிக் கதைக்க வேண்டாம்."

அலோசியஸ் தலையைக் குனிந்துகொண்டு எழுந்து போனான். செபஸ்ரியன் கறிச்சட்டியை மூடி, யன்னலைத் திறந்துவிட்டான். குளிர் உள்ளே வந்தது. அலோசியஸ் ஈரக் கையைக் காற்சட்டையில் துடைத்தபடி வந்து, சிறிலின் படத்தைப் பார்க்காமல், கதிரையின் விளிம்பில் உட்கார்ந்தான்.

"இப்ப சொல்லு," என்றான் செபஸ்ரியன். "எந்தத் திட்டு? தலையை எந்தப் பக்கம் வைச்சனீங்கள்?"