கைமாத்து

கடைசியாக அம்மாவும் மகளும் சேர்ந்து செய்தது ஒரு பெயர்ப் பட்டியலைச் சரிசெய்ததுதான். செஞ்சியில் டிடிபி கடை வைத்திருந்த ஜெயமாலாவுக்கு, ஒரு பள்ளியின் பழைய மாணவர் பட்டியலை யூனிகோடுக்கு மாற்றி இணையத்தில் ஏற்றும் வேலை வந்திருந்தது. பழைய எழுத்துருவில் ‘ள’ என்ற எழுத்தும் ‘கௌ’வின் பின்பாதியும் ஒரே வடிவம். மாற்றும் நிரல் அதில் குழம்பி, ‘வெள்’ வரும் இடமெல்லாம் ‘வௌ’ ஆக்கியிருந்தது.

“வெள்ளையம்மாள வௌவாலாட்டம் தொங்க வெச்சிருக்குது பாரு.”

சென்னை மென்பொருள் வேலையிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த மகள் திரிசலா எட்டிப் பார்த்தாள். “ள மேல புள்ளி இருந்தா சேக்காதன்னு ஒரு வரி போடும்மா.”

“இத்தச் சொல்றதுக்கா உனக்கு அவ்ளோ சம்பளம் குடுக்கறான்?”

ஜெயமாலா அந்த வரியைப் போட்டார். வெள்ளையம்மாள் சரியாக வந்தாள். ஒன்பது நாள் கழித்து, காலையில் கடைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். வயது ஐம்பத்தாறு.

ஜெயமாலா கணினி படித்தவர் இல்லை. கல்யாணப் பத்திரிகை தட்டச்சு செய்துகொண்டிருந்தவர். எண்ணெய்ச் செக்கு வைத்திருந்த ஒருவர் தனக்கும் இணையப் பக்கம் வேண்டும் என்று கேட்க, சரி என்று சொல்லிவிட்டு அதன் பிறகுதான் கற்றுக்கொண்டார். நெட்டில் கண்ட நாலு வரி நிரல், யாரோ சொல்லிக்கொடுத்த ஆறு வரி என்று எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேர்த்தார். கோப்பின் பெயர் கைமாத்து. பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் காப்பித்தூள் வாங்குவதைப் போலத்தான் இதுவும் என்பார். நூறு புகைப்படங்களை ஒரேயடியாகச் சிறிதாக்க ஒன்று, தேதியை நாள், மாதம், வருடம் என்று காட்ட ஒன்று. யாரிடம் வாங்கியது, யாருக்காக என்று ஒவ்வொன்றின் தலைப்பிலும் இருக்கும். கேட்டவரின் போனிலோ கணினியிலோ அது ஓடுவதைக் கண்ணால் பார்த்த பிறகே கோப்பின் பட்டியலில் சேர்ப்பார்.

“இதெல்லாம் தேடுனா நெட்லயே கெடைக்குதும்மா” என்று திரிசலா ஒருமுறை சிரித்திருக்கிறாள். சமண வழக்கப்படி இருட்டும் முன் சாப்பிட்டாக வேண்டும் என்று அம்மா கணினியை அணைத்துவிட்டு எழுந்தார்.

காரியம் முடிந்த மறுநாள், பக்கத்து அனந்தபுரத்தில் இதே தொழில் செய்யும் கலைச்செல்வி போன் செய்தார்.

“பாப்பா, அக்காவோட பைலு எனக்குக் குடுப்பியா? எது ஓடலைன்னாலும் அக்காவத்தான் கூப்புடுவேன். இனிமே யாரக் கூப்புடறது.”

“அனுப்பறேங்க்கா. ஒரு தடவ முழுசாப் பாத்துட்டு.”

“பாரு. ஆனா திருத்திடாத.”

இருநூற்றுப் பன்னிரண்டு துணுக்குகள். திரிசலா ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தாள். எல்லாம் ஓடின. அம்மா ஒப்புக்கொள்ளாத ஒரு வரிகூட இதில் போய்விடக் கூடாது. அம்மாவுக்காக அவளால் இனி செய்ய முடிந்தது அது ஒன்றுதான். கடைசியில் ஒரு கோடு கிழித்து, அதன் கீழே தனியாக ஒன்று இருந்தது.

“வல்லம் பீமாராவ், விதைக்கடை. பேருக்கு முன்னாடி இனிஷியல் புள்ளி வெச்சா ஆர்டர் படிவம் ஏத்துக்கல. சரி பண்ணியாச்சு. அவர் போன்ல பாக்கணும்.”

திரிசலாவின் போனில் அது ஓடியது. கோட்டை அழித்தால் போதும், இருநூற்றுப் பதின்மூன்றாகிவிடும். அழிக்கப் போனவள் கையை எடுத்துவிட்டு பீமாராவைக் கூப்பிட்டாள்.

“வரேன்னு சொன்னாங்களேம்மா, ஆளே காணோம். இன்னாடா, நம்ம மேல கோவமான்னு நெனச்சிக்கினு இருந்தேன்.”

அம்மா இறந்தது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. சொன்னாள்.

கோட்டுக்கு மேலே உள்ளதை மட்டும் கலைச்செல்விக்கு அனுப்பினாள். பீமாராவின் போனில் அது ஓடுகிறதா என்று வல்லம் போய்ப் பார்க்கும் வேலை அப்படியே கிடக்கிறது.