மடித்து வைத்த ஒரு சென்டிமீட்டர்

போன செவ்வாய்க்கிழமை காலை ஒரு மைதானத்தின் கம்பி வேலிக்கு வெளியே நின்று நகம் கடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே போலீஸ் வேலைக்கு உயரம் அளக்கிறார்கள். வரிசையில் மாரி நிற்கிறாள். செம்பூரில் எங்கள் வீட்டுக்கு இட்லி மாவு கொண்டுவரும் தாராவி முருகனின் மகள், வயது இருபத்தொன்று. என் பக்கத்தில் முருகன் — என்னைவிட மோசமான நிலையில்.

இரண்டு மாதம் முன்பு மாரி எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவள் கையில் ஒரு பவுடர் டப்பா. குடித்தால் மூன்றே மாதத்தில் மூன்று அங்குலம் வளருமாம்.

"ஒரு சென்டிமீட்டர்தான் கொறையுது ஆன்ட்டி. ஓட்டம், பரீட்சை எல்லாம் பாத்துக்கிடுவேன். இந்த ஒண்ணுக்கு என்ன செய்ய?"

என் உயரமே நாலடி பத்து அங்குலம்தான். லோக்கல் ட்ரெயினில் கைப்பிடி எட்டாமல், அடுத்தவர் தோளைப் பிடித்தே முப்பது வருஷம் ஆபீஸ் போனவள். சின்ன வயதில் எத்தனை பேர் எத்தனை வைத்தியம் சொன்னார்கள்! பாலில் முட்டை, ஸ்கிப்பிங், கம்பியில் தொங்குவது... எல்லாம் செய்தேன். வளர்ந்ததா? முட்டைக் கடைக்காரர்தான் வளர்ந்தார்.

டப்பாவைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, தெரிந்த பிசியோதெரபிஸ்ட் ஒருத்தியிடம் மாரியை அழைத்துப்போனேன். அவள் ஒளிக்காமல் சொன்னாள். வளரும் வயதில் நல்ல சாப்பாடு, தூக்கம், விளையாட்டு எல்லாம் உதவும். எலும்பு வளர்ந்து முடிந்தபிறகு எந்தப் பவுடரும் ஒரு மயிரிழைகூடக் கூட்டாது.

மாரியின் முகம் வாடிப்போனது. ஆனால் அந்தப் பெண் விடவில்லை. மாரியைச் சுவரோடு நிற்கவைத்துப் பார்த்துவிட்டு, ஏன் இப்படிக் கூன் போடுகிறாய் என்று கேட்டாள்.

காரணம் எனக்குத் தெரியும். அவர்கள் வீடு ஒரே அறை. கீழே மாவு கிரைண்டர்கள். ஏணி ஏறினால் ஒரு பரண். மாரி படிப்பது, படுப்பது, தலை சீவுவது எல்லாம் அங்கேதான். நிமிர்ந்தால் கூரைத் தகரம் இடிக்கும். அவள் ஏணியில் கால் வைக்கும்போதெல்லாம் முருகன் கீழிருந்து குரல் கொடுப்பார்: "ஏளா, தலைய குனி." குழந்தையிலிருந்து இதே பாட்டு.

ஆக, இல்லாத உயரத்தைத் தேட வேண்டியதில்லை. மடித்து வைத்ததை விரித்தால் போதும்! இரண்டு மாதம் முதுகுக்கும் கழுத்துக்கும் பயிற்சி. தினமும் சாயங்காலம் எங்கள் வீட்டுச் சுவரில் குதிகால், முதுகு, பின்னந்தலை ஒட்ட நிற்பாள். பென்சில் கோடு மெல்ல மேலே போய், வேண்டிய இடத்தைத் தொட்டு நின்றது. அதற்கு மேல் ஒரு நூல்கூட இல்லை.

காலையில் படுக்கையை விட்டு எழும்போதுதான் உயரம் முழுசாக இருக்குமாம். நிற்க நிற்கக் கொஞ்சம் குறையுமாம். அதனால் மாவு டெம்போவில் பாய் விரித்து, மகளைப் படுக்கவைத்தே மைதானத்துக்குக் கொண்டுவந்திருந்தார் முருகன்.

அவள் முறை வந்தது. உயரம் அளக்கும் கம்பத்தின் கட்டை தலையை நோக்கி இறங்கியது. மாரி என்ன செய்தாள் தெரியுமா? குனிந்தாள்! தலைக்கு மேல் எது வந்தாலும் அந்தக் கழுத்து தானாக மடங்கும் — இருபது வருஷப் பழக்கம்.

உயரம் போதாது என்றார்கள். மாரி நகரவில்லை. இன்னொரு தடவை அளக்கும்படி மராத்தியில் கேட்டாள். அளந்த அம்மாள் சரி என்று தலையசைத்தார். கட்டை மறுபடி இறங்கியது. இத்தனை வருஷம் ஒரே பாட்டைப் பாடிய மனிதர், வேலிக்கு இந்தப் பக்கமிருந்து தொண்டை கிழியக் கத்தினார்.

"ஏளா மாரி, குனியாத!"

அவள் குனியவில்லை. உயரம் சரியாக இருந்தது. முருகன் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும்தான்.

வீட்டில், ஆபீஸில், ட்ரெயினில்... எத்தனை பேரை இப்படி மடக்கியே நிற்கவைத்திருக்கிறோம்? அப்புறம் நாமே குள்ளம் என்று பெயரும் வைக்கிறோம். எனக்குக் கோபம் வருகிறது. உங்களுக்கு வரவில்லையா?

நேற்று மாவு கொடுக்க மாரியே வந்தாள். நெற்றியில் இத்தனை பெரிய வீக்கம். பரண் ஏறும்போது குனிய மறந்துவிட்டாளாம். ஐஸ் வைத்துவிட்டு அவளிடம் சொல்லி அனுப்பினேன் — அப்பாவிடம் சொல்லித் தகரத்தை ஒரு அடி உயர்த்து, நீ குனியாதே.