பல்லில் கவ்விய பறி

என் அம்மா பழவேற்காடு ஏரியில் கையால் இறால் தடவிப் பிடிப்பவள். ஆழமில்லாத தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, சேற்றைத் துழாவி, அகப்பட்டதைப் பறியில் போடுவாள். பனையோலையில் முடைந்த பை அது. இரண்டு கையும் சேற்றில் இருக்கும் என்பதால் அதைப் பல்லில் கவ்விக்கொள்வாள்.

நான் ஐந்தாவது படித்தபோது பள்ளிக்கூட அலமாரியில் ஒரு கதைப்புத்தகம் கிடைத்தது. அதில் வரும் சிறுமியும் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு ஏரியெல்லாம் சுற்றுவாள், நண்டுகளோடு சண்டை போடுவாள். எங்களைப் பற்றி அச்சில் நான் பார்த்தது அது ஒன்றைத்தான். அட்டை கிழியும்வரை படித்தேன். அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன்.

எண்பதுகளின் நடுவில் மெட்ராஸில் ஒரு சிறிய ஸ்டூடியோவில் பொம்மை செய்யும் வேலையில் இருந்தேன். அதே புத்தகத்தைத் தொலைக்காட்சிக்குப் பொம்மைப் படமாக எடுக்க முதலாளி ஏற்பாடு செய்தார். கம்பிக்கூட்டின் மேல் களிமண் அப்பி, பொம்மையை இம்மியளவு நகர்த்தி ஒரு படம், மறுபடி நகர்த்தி இன்னொரு படம். நாளெல்லாம் நின்றால் சில நொடிகள் தேறும். சிறுமிக்கு அம்மாவின் முகத்தை வைத்தேன். பறியின் கனத்தில் முன்னுக்கு வந்திருந்த தாடையையும் விடவில்லை.

இரண்டு மாதம் எடுத்த பிறகு தொலைக்காட்சி அதிகாரி ஒருவர் வந்து பார்த்தார். வாயில் கூடையைக் கவ்வுவது அசிங்கமாக இருக்கிறது, குழந்தைகள் பார்க்கிற நிகழ்ச்சி என்றார். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றேன். எழுதியவர் இறந்துபோயிருந்தார், கேட்க ஆளில்லை.

“புத்தகம் வேற, டிவி வேறம்மா,” என்றார் முதலாளி.

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கத்தியை எடுத்து நானே தாடையைச் செதுக்கினேன். நிறத்தை வெளுப்பாக்கினேன். பறியை எடுத்துவிட்டு ஒரு படகில் உட்காரவைத்து, கையில் துடுப்பைக் கொடுத்தேன்.

ஒளிபரப்பான ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் அம்மாவை ஊராட்சி டிவிக்கு முன்னால் உட்காரவைத்தேன். கடைசிவரை கண்ணெடுக்காமல் பார்த்தாள்.

“நல்லாத்தான் கீது. யாரு வூட்டுப் பொண்ணு அது?”

“நான் படிச்சுக் காட்டுவேனே, அந்தப் பொண்ணுதாம்மா.”

“பறி எங்க?”

“வேணாம்னுட்டாங்க.”

“அவுங்க வேணாம்னாங்க. நீ இன்னா சொன்ன?”

அவள் எழுந்து வீட்டுக்கு நடந்தாள். அதற்குப் பிறகு என் வேலையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

படம் பிடித்துப்போய் அந்தச் சிறுமிக்குக் குழந்தைகள் எழுதிய கடிதங்கள் ஸ்டூடியோவுக்கு வந்தபடி இருந்தன. பதில் எழுதுகிற வேலையை முதலாளி என்னிடமே தந்தார். உங்களோடு படகில் வர ஆசை என்று எழுதியவர்களுக்கெல்லாம், கட்டாயம் வாருங்கள் என்று அந்தச் சிறுமியின் பெயரில் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.