பதினைந்து நிமிட அறிமுகம்

அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் கேட்டி ஊர் நூலகத்தில் என்னிடம் பேச்சுக் கொடுத்த ஆங்கிலேயப் பெரியவர், லண்டன் மேடையிலும் சினிமாவிலும் நடித்தவர் என்று தெரிந்த நொடியே தோன்றிவிட்டது: எங்கள் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு இவர்தான் சிறப்பு விருந்தினர்! இப்போது மகள் வீட்டில் இருக்கிறார். மேடையேறிப் பல வருஷமாயிற்று. பழைய நாடகம் ஒன்றிலிருந்து ஒரு காட்சி நடிப்பதாக ஆசையோடு ஒப்புக்கொண்டார்.

அவருக்கு ஒதுக்கியது பதினைந்து நிமிடம். அறிமுக உரை என்னுடையது. அவர் பிறந்த ஊரில் தொடங்கி, நாடகம் நாடகமாக, படம் படமாக அடுக்கினேன். கைதட்டல் வேறு! பொன்னாடை போர்த்தியதும் செயலாளர் அங்கிள் ஓடிவந்தார்.

"தம்பி, டைம் ஓவர்ப்பா! குட்டீஸ் எல்லாம் டான்ஸுக்கு வெயிட்டிங். அவரை ரெண்டு வார்த்தை பேசச் சொல்லி முடிச்சிடு."

அவர் நன்றி மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார்.

திரும்பும்போது காரில் மன்னிப்புக் கேட்டேன். ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்: "நீ சொன்னதெல்லாம் நான் எப்போதோ செய்து முடித்தவை. இன்றைக்குச் செய்யத்தான் ஒரு மாதமாக ஒத்திகை பார்த்தேன்."

அந்தப் பதினைந்து நிமிடமும் என் கெட்டிக்காரத்தனத்தைத்தான் மேடையேற்றியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

வரும் சனிக்கிழமை எங்கள் வீட்டு ஹாலில் சோபாவை ஓரம்கட்டி, நண்பர்கள் பத்துப் பேரை அழைத்திருக்கிறேன். அவரும் வருகிறார். அவர் பெயரை மட்டும் சொல்லிவிட்டு, முதல் ஆளாகத் தரையில் உட்காரப் போகிறேன்.