குதிரைக்கு லைசென்ஸ் வந்தாச்சா?

வீடியோ கேம் கடை வைத்திருப்பவருக்கு விளையாடத் தெரிய வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வாடிக்கையாளர் எதைப் பற்றிப் பேசுகிறார் என்றாவது தெரிய வேண்டும். எனக்கு இரண்டும் தெரியாது. திருவொற்றியூரில் எங்கள் மளிகைக் கடையை ஒட்டிய அறையில் என் கொழுந்தனார் நாலு டிவி, நாலு நாற்காலி, அதில் இரண்டுக்கு மட்டும் ஸ்டீயரிங், பெடல் எல்லாம் வைத்து ஒரு கேம் கடை திறந்தார். ஆறாவது மாதம் அவருக்கு கத்தாரில் வேலை கிடைத்தது. "மதினி, சுவிட்ச் போடணும், நேரம் பாக்கணும், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டார். புதிதாக ஒரு கார் பந்தய கேம் வரப்போகிறது என்பதையும், அது வருகிறவரை கடைக்கு வருகிற ஒருவரும் வேறு பேச்சே பேசமாட்டார்கள் என்பதையும் அவர் சொல்லவில்லை. தெரியாத தொழிலில் மாட்டிக்கொண்டு, தெரிந்த மாதிரி தலையாட்டிய அனுபவம் உங்களுக்கு உண்டா? அப்படியானால் நீங்கள் நம் கட்சி.

மாநகராட்சி முத்திரை

என் வாடிக்கையாளர்கள் எல்லாம் பிள்ளைகள் என்று நினைத்துவிடாதீர்கள். பாதிப்பேர் கன்டெய்னர் லாரி டிரைவர்கள். ஹார்பருக்குள் போக எக்ஸ்பிரஸ் ரோட்டில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். மணிக்கணக்கில் நகராது. கூட இருக்கிறவரை வண்டியில் உட்கார வைத்துவிட்டு இவர் இங்கே வந்து முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் கார் ஓட்டிவிட்டுப் போவார். அப்படி வருகிறவர்களில் தேவா என்று ஒருவர். நாற்பது வயது, இரண்டு பெண்களுக்கு அப்பா. நான் கடையில் உட்கார்ந்த முதல் வாரமே வந்து, "யக்கா, குதிரைக்கு லைசென்ஸ் வந்துச்சா?" என்று கேட்டார்.

சுவரில் மாட்டியிருந்த மாநகராட்சி லைசென்ஸைக் கழற்றிக் கையில் கொடுத்தேன். "இது இருக்குய்யா. குதிரைக்குத் தனியா வாங்கணுமா?" என்றேன். அவர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். சிரிக்கவில்லை. பொறுமையாக விளக்கினார். குதிரை என்பது குதிரைச் சின்னம் போட்ட கார் கம்பெனி. காளை என்றால் காளைச் சின்னம் போட்டது. கேம் செய்கிறவர்கள் ஒவ்வொரு கார் கம்பெனியிடமும் சம்மதம் வாங்கினால்தான் அந்தக் காரைக் கேமுக்குள் விடலாம். ஒரு வருஷம் கிடைக்கும், மறு வருஷம் கிடைக்காது. பொம்மை மாதிரி திரையில் ஓடுகிற காருக்கு எதற்குச் சம்மதம் என்று கேட்டேன். அவர் என் லைசென்ஸைத் திரும்ப ஆணியில் மாட்டினார்.

"போலீஸ்காரு நம்ம வண்டியத்தான் நிறுத்தி நிறுத்தி பேப்பர் கேக்குறாருன்னு நெனச்சிகினு கீறேன் யக்கா, இல்லாத வண்டிக்கும் பேப்பர் கேக்குறாங்கன்றது எனக்கே இப்பதான் ஒரு மாதிரியா கீது."

ஆசைப் பலகை

எந்தெந்தக் கம்பெனி வர வேண்டும் என்று தினமும் வாசலில் சத்தம். எங்க வீட்டுக்காரர் மளிகைக் கடையில் விலை எழுதும் கரும்பலகையைக் கொடுத்து, "எழுதிப் போடச் சொல்லு, பேச்சுக் குறையும்" என்றார். வருகிறவர் சொல்வதை நான் எழுதி, பக்கத்தில் ஆளுக்கு ஒரு கோடு போட்டு வந்தேன். என் காதில் விழுந்தபடிதான் எழுத முடியும். இத்தாலிக்காரன் பெயரும் பிரெஞ்சுக்காரன் பெயரும் உடன்குடியில் பிறந்த என் காதில் எப்படி விழும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

தேவாவுக்கு 'வாச்செல்லி' என்று ஒரு கம்பெனி. அவருடைய தோஸ்து காஜா, அவரும் கன்டெய்னர் டிரைவர்தான், 'வோஷேல்' கட்சி. இரண்டு நாள் இரண்டு பேருக்கும் வாய்ச்சண்டை. வாச்செல்லி தகர டப்பா என்பார் காஜா. வோஷேல் என்று ஒரு காரே உலகத்தில் கிடையாது என்பார் தேவா. ஆளுக்கு நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு வந்து கோடு போடச் சொன்னார்கள். மூன்றாவது நாள் இரண்டு பேரும் டீயைக்கூடத் தனித்தனிக் கடையில் குடிக்கப் போனார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. கத்தாருக்கு போன் போட்டு, இந்த இரண்டில் எதுதான் ஒசத்தி என்று கொழுந்தனாரிடம் கேட்டேன். இரண்டும் ஒன்றுதான் மதினி, எழுத்தைக் கூட்டிப் படித்தால் வாச்செல்லி, பிரெஞ்சில் சொன்னால் வோஷேல் என்றார். போனை ஸ்பீக்கரில் போட்டு இருவரையும் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன். காஜா போய் நாற்காலியில் உட்கார்ந்தார். தேவா பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்போ மூணு நாளா நான் என் கம்பெனியவே கலீஜா பேசவிட்டு, பதிலுக்கு என் கம்பெனியவேதான் திட்டிகினு இருந்தேனா?"

ட்ரெய்லர் ஓடுகிறது

ஒரு சினிமாவுக்கு வருகிற மாதிரி கேமுக்கும் ட்ரெய்லர் வரும், அதில் எந்தெந்த கார் இருக்கிறது என்று ஓரளவு தெரிந்துவிடும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு அதுவரை ட்ரெய்லர் என்றால் தேவா ஓட்டுகிற பதினாலு சக்கர வண்டிதான். புது அர்த்தத்தை மனப்பாடம் செய்துகொண்டேன். ட்ரெய்லர் வெள்ளிக்கிழமை வரும் என்றார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் தேவா காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓட்டிக்கொண்டிருந்தார். மேசைமேல் அவர் போன் அடித்தது. நான் எடுத்தேன். அவரோடு வண்டியில் வரும் கிளீனர். "தேவாகிட்ட சொல்லு, ட்ரெய்லர் ஓட ஆரம்பிச்சிடுச்சி, சீக்கிரம்" என்றார்.

நான் தேவாவின் தோளைத் தட்டி, "ட்ரெய்லர் ஓடுதாம்" என்றேன். அவர் திரும்பாமலே, "இருக்கட்டும் யக்கா, மெதுவா பாத்துக்கலாம், எங்க போவப்போவுது" என்றார். இருபது நிமிஷம் கழித்து அந்தக் கிளீனர் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். அவர் சொன்னது முன்னால் நின்ற ட்ரெய்லர் வண்டிகளை; வரிசை நகர ஆரம்பித்திருக்கிறது. அவருக்கு ஹெவி லைசென்ஸ் இன்னும் கைக்கு வரவில்லை, வண்டியைத் தொட முடியாது. பின்னால் நின்ற வண்டிகள் எல்லாம் ஒதுங்கி முன்னே போய்விட்டன. முந்தின நாள் காலையிலிருந்து பிடித்து வைத்திருந்த இடம் போயிற்று. தப்பு என் பேரில்தான், உங்க முதலாளியிடம் நானே பேசுகிறேன் என்றேன். தேவா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னது இது.

"பேசுறது இருக்கட்டும், அந்த இன்னோரு ட்ரெய்லரு வந்தா அதுல நம்ம வோஷேலு கீதான்னு மட்டும் பாத்து வையி."

பறவை வண்டி

மோகன் என்பவர் மட்டும் பலகையில் எதையும் எழுதச் சொன்னதில்லை. எண்ணூர்ப் பக்கம் துறைமுகத்தில் ஏற்றுமதிக் கார்களைக் கப்பலுக்குள் ஓட்டிக்கொண்டு போய் நிறுத்துகிற வேலை பார்த்தவர். ஒரு நாளைக்கு அறுபது எழுபது கார் ஓட்டுவாராம்; ஒவ்வொன்றும் சில நூறு மீட்டர்தான். ஒரு மழைக்காலத்தில் சடையங்குப்பத்தில் தண்ணீருக்கு அடியில் பள்ளம் இருப்பது தெரியாமல் பைக்கோடு விழுந்தார். வலது பாதம் நொறுங்கிவிட்டது. அதற்குப் பிறகு பெடல் மிதிக்க முடியாது. இப்போது மாத்தூரில் ஒரு கிடங்கில் வாட்ச்மேன். ஞாயிற்றுக்கிழமை என் கடைக்கு வருவார். பெடலுக்குப் பதிலாக ஸ்டீயரிங்கிலேயே பொத்தான் வைத்து ஓட்டும்படி கொழுந்தனார் அவருக்கு மாற்றிக் கொடுத்திருந்தார்.

உங்களுக்கு எந்தக் கம்பெனி வரணும் என்று ஒருநாள் நானே கேட்டேன். பெயர் தெரியாது என்றார். ஏதோ கண்காட்சிக்காக வந்த வெளிநாட்டுக் கார் ஒன்று திரும்பிப் போக ஒரு நாள் துறைமுகத்தில் கார் நிறுத்தும் யார்டுக்கு வந்திருக்கிறது. தரையோடு தரையாக, சாம்பல் நிறத்தில். அதைக் கப்பலில் ஏற்ற மோகனைத்தான் கூப்பிட்டார்கள். அதுதான் அவருக்கு அங்கே கடைசி வருஷம். போட்டோ எடுக்க அனுமதி கிடையாது. வீட்டில் சொன்னால் மனைவிகூட நம்பவில்லை. கேமில் வந்தால் காட்டலாமே என்றுதான் இருக்கிறேன் என்றார். சின்னம் என்ன என்று கேட்டேன். பறவை. என்ன பறவை? பருந்தா, காக்கையா, வௌவாலா? ஒரு தாளில் வரைந்து காட்டினார். எனக்கு அது வாழை இலை மாதிரி தெரிந்தது. காஜாவுக்குச் செருப்பு மாதிரி தெரிந்தது. அன்று முழுக்க இறக்கை வைத்த கார்ச் சின்னங்களை எல்லாம் போனில் தேடித் தேடிக் காட்டினோம். ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றார். கடைசியில் தேவா தயங்கித் தயங்கி, "நெஜமாவே பாத்தியா நைனா?" என்று கேட்டுவிட்டார். மோகன் கோபப்படவில்லை.

"பாத்தேன், ஆனா வண்டிய நிறுத்திட்டு எறங்கி ஒரு தபா நல்லா பாக்கறதுக்குள்ள, அடுத்த வண்டிய எட்தார சொல்லிட்டாங்க."

பிரச்சினை தீர்ந்தது

கேம் செய்கிற கம்பெனியின் இணையதளத்தில், எந்த கார் வேண்டும் என்று நாமே எழுதிப் போடலாம் என்று காஜா கண்டுபிடித்தார். நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். ஆகவே எழுதுகிற வேலை என் தலையில். வோஷேலைப் பற்றி நாலு வரி. அடுத்ததாக, பெயர் தெரியாத, பறவை மாதிரி ஒரு சின்னம் போட்ட, சாம்பல் நிற, மிகவும் தாழ்வான கார் ஒன்று உண்டு, அதை எங்கள் ஊர்க்காரர் ஒருவர் ஓட்டியிருக்கிறார், தயவுசெய்து சேர்க்கவும் என்று எழுதினேன். எனக்கே அது காணாமல் போனவர் விளம்பரம் மாதிரி இருந்தது.

இரண்டே நிமிஷத்தில் பதில் வந்துவிட்டது. அவ்வளவு பெரிய கம்பெனி உடனே பதில் போட்டதே என்று எல்லாருக்கும் புல்லரித்தது. நான் வாசித்துத் தமிழில் சொன்னேன்: உங்கள் பிரச்சினை எங்களுக்கு முக்கியம், உங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள். மறுபடி வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். அப்படியானால் கார் வருகிறதா இல்லையா என்று எல்லாரும் என்னையே பார்த்தார்கள். காஜாதான் ஒரு முடிவு சொன்னார்.

"நட்சத்திரம் அஞ்சு போட்டு வையி அக்கா, கோச்சிக்கினு, இருக்கற காரையும் எடுத்துடப்போறான்."

வந்தது

கேம் வந்துவிட்டது. எங்கள் இணைய வேகத்துக்கு அது முழுசாக இறங்க இரண்டு நாள் ஆயிற்று. அடுத்த ஞாயிறு மத்தியானம் எல்லாரும் கூடிவிட்டார்கள். மோகன், மனைவி செல்வியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். செல்வி ராயபுரத்தில் ஒரு மீன் ஏற்றுமதிக் கம்பெனியில் மீன் தரம் பிரிக்கிறவர். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று வாசலிலேயே நின்றார். தேவா கம்பெனிப் பட்டியலை ஒவ்வொரு பக்கமாகத் தள்ளினார். குதிரை இருந்தது. காளை இருந்தது. வோஷேல் இல்லை. பறவை எதுவும் வரவில்லை. கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில் மோகன், "நிறுத்து" என்றார். திரையில் வந்த சின்னத்தில் வளைந்த ஒரு உடம்பு, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நீண்ட துடுப்பு. இது பறவை இல்லையே என்றேன் நான். வாசலிலிருந்து செல்வி எட்டிப் பார்த்து, "அது கோலா மீனு. தண்ணிக்கு மேல பறக்குமே, அது" என்றார். நாங்கள் இத்தனை நாளும் ஆகாயத்தில் தேடியிருக்கிறோம்.

மோகன் பந்தயம் வேண்டாம் என்றார். சும்மா ஓட்டிப் பார்க்கிற பகுதியில், கடலோரச் சாலை ஒன்றை எடுத்தார். சாம்பல் நிறம் தேர்ந்தெடுத்தார். கார் கிளம்பியது. இருபது கிலோமீட்டர் வேகம். பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் சீறிக்கொண்டு தாண்டின. "அழுத்து நைனா, அது எவ்ளோ போவும் தெரியுமா" என்றார் தேவா. மோகன் காதில் வாங்கவில்லை. துறைமுகத்துக்குள் அவ்வளவு வேகம்தான் போகலாம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சுமார் இருநூறு மீட்டர் போயிருப்பார். சாலையோரத்தில் இரண்டு வண்டிகளுக்கு நடுவே, இரண்டு பக்கமும் ஒரே அளவு இடம் விட்டு, நேராக நிறுத்தினார். ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அடுத்து என்ன என்று எல்லாரும் காத்திருந்தோம். அடுத்து ஒன்றும் இல்லை. நேரம் முடிய இன்னும் ஐம்பது நிமிஷம் இருந்தது. செல்வி உள்ளே வந்து, அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று, அந்த நின்றுபோன காரை ரொம்ப நேரம் பார்த்தார்.

"அன்னிக்கு வூட்டுக்கு வந்து, சோறு போட்டும் கையக் கழுவாம அதயே பாத்துகினு குந்திகினு இருந்தியே, அது இதுக்கா?"

எந்தக் கம்பெனி எந்த கேமில் ஏன் வருகிறது, ஏன் வராமல் போகிறது என்பது இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை என்றாலும், கேட்கிறவர்களிடம் "அடுத்ததில் கண்டிப்பாக வரும்" என்று முகம் மாறாமல் சொல்லப் பழகிவிட்டதால், தொழில் தெரிந்தவள் என்று பெயர் வாங்கிவிட்டேன்.