அப்பா போருக்குப் போன நாள்

என் அப்பா ஒரே ஒரு நாள் போர்வீரராக இருந்தார். எந்த அரசருக்காக, எந்த நாட்டை எதிர்த்து என்று அவருக்குத் தெரியாது. அதைச் சொல்லவேண்டும் என்று படக்கம்பெனிக்காரர்களுக்கும் தோன்றவில்லை. ராஜபாளையத்தில் மில்லில் மூன்றாவது ஷிப்ட் பார்த்துவிட்டு, தலைமுடியில் ஒட்டியிருந்த பஞ்சைக்கூடத் தட்டாமல், விடிந்ததும் நேராகப் போர்க்களத்துக்குப் போனவர் அவர். எனக்கு அப்போது ஒன்பது வயது. நானும் கூடப் போனேன்.

என்னை விட்டுவிட்டுப் போக வீட்டில் ஆள் இல்லை. தம்பிக்கு மறுபடியும் நெஞ்சில் சளி கட்டி, அம்மா அவனோடு ஆஸ்பத்திரியில் இருந்தாள். எதிர்வீட்டில் பெரியம்மா இருந்தாள்தான். ஆனால் அங்கே விட முடியாது. பெரியப்பா வீட்டாரும் நாங்களும் பேசிக்கொள்வதில்லை.

இரண்டு வீட்டுக்கும் ஒரே முற்றம், ஒரே தண்ணீர்க் குழாய். பேசாமல் இருப்பதற்கு அது அவ்வளவு வசதியான இடமில்லை. அதனால் பெரியவர்கள் என்னைப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

"ஏட்டி, தண்ணி வந்துருச்சின்னு ஒங்கப்பன்ட்ட சொல்லு" என்பார் பெரியப்பா. அப்பா கைக்கெட்டும் தூரத்தில் பல் தேய்த்துக்கொண்டு நிற்பார்.

"அப்பா, தண்ணி வந்துருச்சாம்."

"சரின்னு சொல்லு."

"சரியாம், பெரியப்பா."

எல்லா வீடுகளிலும் அண்ணன் தம்பிகள் இப்படித்தான் பேசிக்கொள்வார்கள் என்று வெகுநாள் நினைத்திருந்தேன்.

காரணம் மில்லில் நடந்த வேலைநிறுத்தம். இருவரும் ஒரே மில்லில் வேலை பார்த்தவர்கள். பெரியப்பா மில் கேட்டுக்கு முன்னால் முதல் வரிசையில் நின்றார். இரண்டாவது மாதம், குறைப்பிரசவத்தில் பிறந்த என் தம்பி கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது, அப்பா அந்தக் கேட்டைத் தாண்டி உள்ளே வேலைக்குப் போனார். அண்ணனுக்கு முன்னால்தான் நடந்து போனார். வேறு வழி கிடையாது. வேலைநிறுத்தம் முடிந்து எல்லோரும் உள்ளே போனபோது பெரியப்பாவையும் இன்னும் சிலரையும் மட்டும் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர் பஞ்சுக் கிட்டங்கியில் மூட்டை தூக்கப் போனார். இதையெல்லாம் பிற்பாடு கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டேன். அன்றைக்குத் தெரிந்தது குழாய்த் தண்ணீர் மட்டும்தான்.

படத்துக்கு ஆள் பிடிக்க வந்த ஏஜென்ட் டீக்கடையில் சொன்ன நிபந்தனை எளிமையானது. உயரம் வேண்டும், மீசை வேண்டும். எங்கள் குடும்பத்தில் இரண்டுக்கும் குறைவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில், தண்ணீர் வற்றிய ஒரு கண்மாய்க்குள் லாரி எங்களை இறக்கிவிட்டது. பின்னாலேயே வந்த இன்னொரு லாரியிலிருந்து பெரியப்பா குதித்தார். அப்பா அவரைப் பார்த்தார். திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தவர்போல ரோட்டைப் பார்த்தார். லாரிகள் கிளம்பிவிட்டன.

அப்பாவுக்கு நீல வேட்டி கொடுத்தார்கள். பெரியப்பாவுக்குச் சிவப்பு. நீலம் ஒரு நாடு, சிவப்பு எதிரி நாடு. ரெக்சினில் தைத்த மார்க்கவசம், பைபரில் செய்து பித்தளை நிறம் அடித்த வட்டக் கேடயம், மூங்கில் கம்பில் ரப்பர் முனை செருகிய ஈட்டி. தூரத்தில் ஆண்டாள் கோயில் கோபுரம் தெரிந்தது. அது தெரியலாம் என்றும், பக்கத்தில் இருந்த செல்போன் டவர் மட்டும் தெரியவே கூடாது என்றும் ஒருவர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். என்னை ஒரு கருவேல மரத்தடியில், துணிமூட்டைகளுக்குக் காவலாக உட்காரவைத்தார்கள்.

சண்டை சொல்லிக்கொடுத்த மாஸ்டர் சென்னைக்காரர். தலையில் ஈரத்துண்டு. தொண்டை கட்டிப்போயிருந்தது. எத்தனையோ ஊரில் எத்தனையோ படைகளுக்கு இதையே சொல்லிச் சலித்துப்போனவர்போல மைக்கில் பேசினார்.

"தூரத்துல இருக்கிறப்ப கம்போட கடைசியப் புடி. கை முழுசா நீட்டு. மூஞ்சிக்குக் காட்டி காலுக்குக் குத்து. அவன் கேடயத்தத் தூக்கி எறக்கியே ஓஞ்சு போவான். இவ்ளோ நீளம் நடுவுல இருக்கிற வரைக்கும் அவனால உன்ன ஒண்ணும் பண்ண முடியாது."

பிறகு கேடயக்காரன் பக்கம் வந்து நின்றார். வருகிற ஈட்டியைக் கேடயத்தின் விளிம்பால் ஓரமாகத் தள்ளிவிட்டு ஒரே எட்டில் உள்ளே நுழைந்து காட்டினார். அப்படி நுழைந்துவிட்டால் நீள ஈட்டி வெறும் கம்புதானாம். கையை வேகமாக நடுக்கம்புக்கு நகர்த்தி, ஈட்டியைத் தோளுக்கு மேலே தூக்கி, எதிராளியின் கேடயத்துக்கு மேலாகக் கீழ்நோக்கிக் குத்தவேண்டும். அதைவிடவும் நெருங்கிவிட்டால் குத்தவே இடம் இருக்காது. கேடயத்தோடு கேடயம். பின்னால் தோளைக் கொடுத்துத் தள்ளவேண்டும்.

"அதுக்கப்புறம் எவன் காலு நிக்குதோ அவன்தான் உயிரோட இருப்பான்" என்றார் மாஸ்டர். அப்பா கேடயத்துக்குப் பின்னால் கொட்டாவி விட்டார்.

உதவி டைரக்டர் ஒருவர் வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்து, அப்பாவையும் பெரியப்பாவையும் விரலால் காட்டினார். "நீங்க ரெண்டு பேரும் ஒரே ஹைட்டு. எதிரெதிரா நில்லுங்க."

இருவரும் எதிரெதிரே போய் நின்றார்கள். அண்ணன் தம்பி என்று சொல்லியிருந்தால் மாற்றிவிட்டிருப்பார்கள். சொல்வதற்கு முதலில் அவர்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டும்.

முதல் தடவை, இரண்டு படைகளும் கத்திக்கொண்டு ஓடி மோதின. புழுதி அடங்கியபோது எல்லோரும் கேடயத்தோடு கேடயம் முட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பாவும் பெரியப்பாவும் மட்டும் கம்பின் கடைசியைப் பிடித்துக்கொண்டு, எட்டி நின்று, ஒருவர் பாதத்தருகே இன்னொருவர் தரையைக் குத்திக்கொண்டிருந்தார்கள்.

"அந்த ரெண்டு பேரு ஏன் உள்ள போகல?" என்று மைக் கேட்டது.

இரண்டாவது தடவையும் அதே கதை. மூன்றாவது தடவையும். வெயில் ஏறிக்கொண்டே போனது. இவர்கள் இருவருக்காக நீலமும் சிவப்பும் திரும்பத் திரும்ப ஓடவேண்டியிருந்தது. சிவப்புப் படையில் எங்கள் தெருக்காரர் ஒருவர் இருந்தார். அவர் கேடயத்தைத் தலைக்கு மேல் குடையாகப் பிடித்துக்கொண்டு, "ஏலே, ஒங்க வீட்டுச் சண்டைய வீட்டுல வச்சுக்கிடுங்கப்பா. மண்டை பொளக்கு. போய் முட்டிட்டு வாங்க, எல்லாரும் சோறு திங்கணும்" என்றார்.

சோற்றுக்குப் பிறகு எடுத்ததில்தான் அது நடந்தது. பெரியப்பா அப்பாவின் ஈட்டியை விளிம்பால் தட்டிவிட்டு உள்ளே பாய்ந்தார். கை நடுக்கம்புக்கு வந்துவிட்டது. மேலேயிருந்து இறக்கினார். ரப்பர் முனைதான். ஆனாலும் அந்தச் சத்தம் மரத்தடிவரை கேட்டது. அப்பா கேடயத்தைத் தூக்கிப் பிடித்தார். திருப்பிக் குத்தவில்லை. பெரியப்பா மறுபடியும் இறக்கினார், மறுபடியும். கிட்டங்கியில் தூக்கிய அத்தனை மூட்டையும் அந்தக் கையில் இருந்தது. அப்பாவின் கேடயத்தில் பித்தளை நிறம் உரிந்து, உள்ளே இருந்த வெள்ளை தெரிந்தது. பெரியப்பா வாயைத் திறந்து என்னமோ கத்தினார். எல்லோரும் கத்திக்கொண்டிருந்ததால் என்னவென்று கேட்கவில்லை.

"சூப்பர்!" என்றார் மாஸ்டர். "இதுதான் வேணும். இன்னொரு தடவை. இப்ப கேடயத்தோட கேடயம் வெச்சு முட்டிடுங்க. வெளிச்சம் போறதுக்குள்ள முடிச்சுரலாம்."

கடைசித் தடவை, இருவரும் ஓடவில்லை. நடந்து வந்து மோதினார்கள் என்றுதான் சொல்லவேண்டும். கேடயங்கள் முட்டின. 'கட்' என்றார்கள். அடுத்த நொடி இரண்டு நாட்டுப் படைகளும் ஈட்டிகளைப் போட்டுவிட்டு அங்கங்கே சரிந்து உட்கார்ந்தன. சிலர் படுத்தேவிட்டார்கள். அப்பாவும் பெரியப்பாவும் மட்டும் அப்படியே நின்றார்கள், கேடயம் கேடயத்தைத் தள்ளியபடி.

நான் மூட்டைகளை விட்டுவிட்டு ஓடினேன். பெரியப்பாவின் சிவப்பு வேட்டியைப் பிடித்து இழுத்தேன், காலில் அடித்தேன். "எங்கப்பாவ விடுங்க பெரியப்பா! விடுங்க!" அந்த ஆத்திரத்திலும் 'விடுங்க' என்றுதான் வந்தது.

அவர் திரும்பவில்லை. "சத்தம் போடாதட்டி" என்றார், மெதுவாக. "செத்த நேரம் நிக்கட்டும். நின்னுக்கிட்டே தூங்குதான்."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். பெரியப்பாவின் ஈட்டி கீழே கிடந்தது. அந்தக் கையால் அப்பாவின் மார்க்கவசத்தைத் தோளருகே கொத்தாகப் பிடித்திருந்தார். அப்பாவின் நெற்றி கேடயத்தின் விளிம்பில் கவிழ்ந்திருந்தது. கண்கள் மூடியிருந்தன. அவருடைய முழுப் பாரமும் பெரியப்பாவின் கேடயத்தின் மேல் இருந்தது. பெரியப்பாவின் கால்கள் வண்டல் மண்ணில் புதைந்திருந்தன.

"ராத்திரி ஷிப்ட்டா?" என்று கேட்டார்.

"ஆமா" என்றேன்.

"தம்பிப் பயலுக்கு எப்டி இருக்கு?"

"சளி. அம்மா ஆஸ்பத்திரில இருக்காங்க."

"ம்" என்றார். யாரிடமும் சொல்லச் சொல்லாமல் அவர் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

உதவி டைரக்டர் கைதட்டிக்கொண்டு வந்தார். அப்பா கண்ணைத் திறந்தார். பெரியப்பா கையை எடுத்துக்கொண்டு ஓரெட்டு பின்னால் போனார். அப்பா குனிந்து இரண்டு ஈட்டிகளையும் பொறுக்கினார்; ஒன்றை நீட்டினார். பெரியப்பா வாங்கிக்கொண்டார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். மறுநாள் காலையில் பெரியப்பா, "ஏட்டி, தண்ணி வந்துருச்சின்னு சொல்லு" என்றார். நானும் சொன்னேன். படம் வந்தபோது அந்தச் சண்டையில் புழுதியும் ஈட்டி முனைகளும்தான் தெரிந்தன. சில வருடங்களில் பெரியப்பா குடும்பம் திருப்பூருக்குப் போய்விட்டது. அங்கே அவர் இறந்தபோது அப்பா போய், தோள் கொடுத்துவிட்டு வந்து, மறுநாள் வேலைக்குப் போனார்.

அன்றைக்குப் படப்பிடிப்பு முடிந்து திரும்பும்போது ஒரே லாரிதான் வந்தது. இருவரும் அதில்தான் வந்தார்கள், பெரியப்பா முன்கோடியில், அப்பா பின்கோடியில். நான் அப்பாவின் மடியில் இருந்தேன். அவர் காதருகே போய், "அப்பா, நீங்க நின்னுக்கிட்டே தூங்கிட்டீங்க. பெரியப்பாதான் விழாம புடிச்சுக்கிட்டாங்க" என்றேன்.

"தூங்கலட்டி" என்றார் அப்பா.

"பொறவு ஏன் கண்ண மூடியிருந்தீங்க?"

"வெயிலு கூசுச்சு."

நான் நம்பிவிட்டேன். கடைசித் தடவை எடுத்தபோது சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கி, கண்மாய் முழுவதும் நிழல் விழுந்திருந்தது. தூங்காத மனிதர் அந்த நிழலில் எதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு அண்ணன்மேல் சாய்ந்து நிற்கவேண்டும் என்று கேட்க எனக்கு அப்போது தெரியவில்லை.