யார் வைத்த சேனை

எங்கள் பக்கம் பிறந்த பிள்ளைக்குச் சேனை வைப்பார்கள். குணசாலி என்று பேரெடுத்த ஒருவர் தேனையோ சர்க்கரைத் தண்ணீரையோ விரலில் தொட்டுப் பிள்ளையின் நாக்கில் தடவுவார். வைத்தவருடைய குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. என் மகள் பிறக்கும் முன்பே, யார் வைப்பது என்று வடமதுரையில் மாமியார் வீட்டில் முடிவாகிவிட்டது. என் கணவரின் அக்கா. மதினி அதிர்ந்து பேசமாட்டார், யார் என்ன சொன்னாலும் சிரிப்பார். நானோ வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில், ஸ்டாப்பில் நிறுத்தாத டிரைவரை வழிமறித்து நியாயம் கேட்டவள். அதுவும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு. "புள்ளயாச்சும் எம் மக மாதிரி பொறுமையா வரட்டும்" என்று மாமியார் என் காதுபடவே சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. பதிலுக்கு நானும் ஏதோ சொன்னேன்.

பனிக்குடம் முன்கூட்டியே உடைந்து, திண்டுக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரியில் அவசரமாக முழு மயக்கம் கொடுத்து ஆபரேஷன் செய்துதான் மகளை எடுத்தார்கள். தொற்று வந்துவிடக் கூடாதென்று அவளுக்கு ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டார்கள். மறுநாள் குழந்தை டாக்டரம்மா என் கட்டிலருகே நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"பிள்ள வயித்துல இப்பத்தான் கிருமிக ஒவ்வொண்ணா குடியேறுது. நல்லதும் வரும், கெட்டதும் வரும். சுகப்பிரசவம்னா அம்மாகிட்ட இருந்து வர்றது முதல்ல எடம் புடிச்சுக்கும். இது ஆபரேஷன் பிள்ள, ஊசி வேற போட்டிருக்கோம். அதனால தாய்ப்பாலும் அம்மா நெஞ்சுச் சூடும்தான். வேற எதையும் வாயில வைக்காதீங்க. தேன் கூடவே கூடாது. அதுல ஒரு விஷக் கிருமியோட விதை இருக்கலாம். நம்ம வயித்துல அது முளைக்காது, ஏற்கெனவே ஆள் நெறஞ்ச எடம். இவ வயிறு காலி நெலம். வாயில முத்தமும் வேணாம். பெரியவங்க எச்சில்ல இருக்குற சொத்தைப்பல் கிருமி பிள்ளைக்கு ஒட்டிக்கும்."

"அப்பச் சேனை?" என்றார் மாமியார்.

"ஒரு வயசு ஆகட்டும்மா."

மாமியார் முகம் செத்துப்போனது. மதினி வழக்கம்போலச் சிரித்தார். என் கணவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுபவர். கடையில் யார் எந்தக் குறை சொன்னாலும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். வீட்டிலும் அப்படித்தான். அதனால் அவரை யாரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் காவல்காரி ஆனேன். கை கழுவாமல் யாரும் தொட்டிலருகே வரக் கூடாது. யாராவது குனிந்தால் என் கண் அவர் விரலுக்குத்தான் போகும். "புள்ளயத் தொடவும் டிக்கெட் வாங்கணும் போல" என்று ஒரு சின்னம்மா சிரித்துக்கொண்டே போனார். போகட்டும் என்று விட்டேன்.

இரண்டாவது வாரம் மகள் பால் குடிப்பதைக் குறைத்தாள். வாயில் வைத்தால் இரண்டு உறிஞ்சு உறிஞ்சிவிட்டுத் தூங்கிவிடுவாள். வெளிக்குப் போகவில்லை. அழுகை, பக்கத்து அறைக்குக் கூடக் கேட்காத முனகலாகிவிட்டது. காரை வரவழைத்துத் திண்டுக்கல்லுக்கு ஓடினோம். வழியெல்லாம் அவள் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.

டாக்டரம்மா அவள் கையைத் தூக்கி விட்டுப் பார்த்தார். அது துவண்டு விழுந்தது. "வாயில ஏதாச்சும் வச்சீங்களா?"

"இல்ல" என்றார் மாமியார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. தேன் வச்சிருந்தா நான் இப்பவே மதுரைக்கு அனுப்பணும், அதுக்கு வைத்தியமே வேற. இல்லேன்னா ரத்தம் எடுத்துத் தொற்றானு பாக்கணும். தொற்றுனா திரும்ப ஊசிதான். வயித்துல அரும்பி வர்ற நல்லதையும் சேத்து அது அழிச்சிரும், ஆனா வேற வழியில்ல."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "மதினி, நீங்கதான வச்சீங்க? வாயத் தொறந்து சொல்லுங்க. உங்க சிரிப்புக்கு எம் புள்ள பலியாகணுமா?" என்று கத்தினேன். மதினி அழுது நான் அன்றுதான் பார்த்தேன். "எம் புள்ளைக மேல சத்தியமா நான் தொடல ஆத்தா" என்றார்.

"நான்தான்" என்றார் என் கணவர்.

டாக்டரம்மா சட்டென்று திரும்பினார். "தேனா?"

"இல்லங்க. தேன் வேணாம்னு நர்ஸம்மா சொல்லிருச்சு. சர்க்கரைத் தண்ணி. ஒரு சொட்டு. பொறந்த அன்னைக்கே வச்சேன். மறுநாள் நீங்க கூடாதுன்னதும் பயந்து சொல்லாம இருந்துட்டேன்."

டாக்டரம்மா ஒன்றும் திட்டவில்லை. ரத்தம் எடுக்கச் சொல்லிவிட்டு மகளை உள்ளே கொண்டுபோனார். நாங்கள் இருவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"யாரக் கேட்டு உங்க விரல அவ வாயில வச்சீங்க?"

"என் விரல் இல்ல" என்றார். என் கையை எடுத்துச் சுட்டுவிரலைத் தொட்டார். "இது. நீ மயக்கத்துல கெடந்த. உன் கைய நல்லாத் துடச்சுட்டு, உன் விரலத்தான் சர்க்கரைத் தண்ணியில தொட்டு அவ நாக்குல வச்சேன்."

நான் அந்த விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"அக்காவும் நானும் ஒண்ணுதான். யாரு என்ன சொன்னாலும் சிரிச்சுக்கிட்டு வந்துருவோம். அப்புறம் வீட்ல வந்து படுத்தா நெஞ்சு எரியும். எம் புள்ளைக்கு அது வேணாம்னு தோணுச்சு. உன்ன மாதிரி வரட்டும்னு நெனச்சேன்."

இந்த வீட்டில் என் குணத்தை வேண்டும் என்று ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. அதைக் கேட்கிற நேரமா அது? உள்ளே என் பிள்ளை துவண்டு கிடக்கிறாள். நான் அவர் தோளில் முகத்தை வைத்து ஓவென்று அழுதேன்.

ரத்தத்தில் தொற்று இல்லை. "பால் பத்தல, பிள்ள காஞ்சு போயிருக்கு. அதான் உறிஞ்சக் கூடத் தெம்பில்ல" என்றார் டாக்டரம்மா. ஊசி வேண்டாம் என்றார். என் பாலைப் பீய்ச்சி, போதாததற்கு அங்கே பிரசவித்த தாய்மார் கொடுத்து, ஆஸ்பத்திரியில் சோதித்து வைத்திருந்த பாலையும் சேர்த்துக் குழாய் வழியாகக் கொடுத்தார்கள். மற்ற நேரமெல்லாம் அவளை என் நெஞ்சில் போட்டுத் துணியால் கட்டிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் பால் கொடுக்கக் கொஞ்சம் தாமதமானது. மகள் முகம் சிவந்து, காலை உதைத்து, ஒரு கத்து கத்தினாள். வார்டே திரும்பிப் பார்த்தது. மாமியார் கும்பிட்டார். மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எந் தம்பி வச்ச சேனையா இது? அவனுக்கு இம்புட்டுச் சத்தம் ஏது?" என்றார்.

"அவரு வைக்கல மதினி" என்றேன். "நான் வச்சது."